‘ஷ’ விழுந்த வரி: ஒரு சம்பளத் திரையை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றிய நிகழ்வின் ஆய்வு

பின்னணி

இராணிப்பேட்டைக்கும் மேல்விஷாரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் ஒரு தொழிற்கூடத்தின் சம்பளக் கணக்கு, 2001 முதல் ஒரே நிரலில் நடந்துவருகிறது. நிரல் இருப்பது சர்வரில். சி மொழியில், எழுத்துத் திரையை வரைந்து தரும் கர்சஸ் நூலகத்தைக் கொண்டு எழுதப்பட்ட அதற்கு 80 பத்தியும் 24 வரியும் கொண்ட எழுத்துத் திரை ஒன்றே தெரியும். ஜன்னல், மவுஸ் எதுவும் தெரியாது. அந்தத் திரையைச் சம்பளப் பிரிவின் கணினிகளில் காட்டும் வேலையை, அதே ஆண்டில் எங்கள் காட்பாடி அலுவலகத்தில் எழுதப்பட்ட ஒரு விண்டோஸ் டெர்மினல் மென்பொருள் செய்துவந்தது. இடையில் சர்வர் பழைய யூனிக்ஸிலிருந்து லினக்ஸுக்கு மாறியது. சர்வரோடு இணையும் வழியில் டெல்நெட் போய் எஸ்எஸ்எச் வந்தது. வட ஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்து, அதில் வேலூர் என்று பெயர் பெற்ற பகுதி 2019இல் மறுபடி மூன்றாகப் பிரிந்த பிறகும், திரையின் தலைப்பில் மட்டும் ‘வ.ஆ. மாவட்டம்’ என்றே இருந்தது. மாற்றச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

தொழிலாளர் பெயர்கள் திஸ்கி குறிமுறையில் உள்ளன. யூனிகோடு பரவலாகும் முன்பு, இணையத்தில் கூடிய தமிழர்கள் வகுத்துக்கொண்ட 8 பிட் குறிமுறை அது. எழுத்தின் வடிவத் துண்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் என்பதும், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிப்பு என்பதும் அதன் அடிப்படை. ‘கோ’ என்பது அதில் இரட்டைக்கொம்பு, ககரம், கால் என மூன்று பைட். எழுத்துத் திரைக்கு இந்த ஏற்பாடு மிகவும் வசதியானது. ஒரு பைட் ஒரு கட்டம் என்ற கணக்கை வைத்துக்கொண்டே 2001இல் நிரலை எழுதியவர் பெயருக்கு 20 பைட் ஒதுக்கி, அதை 20 கட்டமாகத் திரையில் வரைந்தார்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிவதாக அறிவிக்கப்பட்டிருந்தது. சம்பளப் பிரிவிலும் கிடங்கிலும் இருந்த 14 கணினிகளின் செயலிகளும் விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. கணினிகளை மாற்றுவதற்கு நிர்வாகம் ஒப்பவில்லை. ஆகவே அவற்றில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12 நிறுவி, டெர்மினல் மென்பொருளை லினக்ஸுக்கு மாற்றித் தருவதென அதே ஆண்டு ஏப்ரலில் முடிவாயிற்று. பணியில் இருந்தவர்கள் மூவர்: நான், இளம் நிரலாளர் ஒருவர், சோதனையைக் கவனித்த சகோதரி ஒருவர்.

தொடக்கத்தில் எடுத்த முடிவுகள்

பழைய மென்பொருளை அப்படியே, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும் வைன் மூலம் ஓட்டிப் பார்த்தோம். திரை வந்தது. தமிழ்99 தட்டச்சுக்காக அதில் இருந்த விசைப்பலகைப் பொறி மற்ற ஜன்னல்களில் வேலை செய்யவில்லை. சம்பளச் சீட்டு அச்சிடும் பகுதியும் தடுமாறியது. இரண்டு நாளில் அந்த வழியைக் கைவிட்டோம்.

லினக்ஸில் ஏற்கெனவே உள்ள டெர்மினல்களைப் பயன்படுத்தலாமே என்ற கேள்வி நியாயமானது. இன்றைய டெர்மினல்கள் பெரும்பாலும் வருவது யூனிகோடு என்று கொள்பவை. சர்வரிலிருந்து வரும் திஸ்கியை யூனிகோடாக மாற்றிக் காட்டினால் கட்டக் கணக்கு குலைந்துவிடும். மூன்று பைட்டான ‘கோ’ யூனிகோடில் இரண்டு குறியெண். அதைவிட விசித்திரம், தமிழின் இகரக் குறியை யூனிகோடு இடம் பிடிக்கும் குறியாகவும் ஈகாரக் குறியை இடம் பிடிக்காத குறியாகவும் வகைப்படுத்தியிருப்பது. அதனால் லினக்ஸின் கணக்கில் ‘கி’ இரண்டு கட்டமும் ‘கீ’ ஒரு கட்டமும் கொள்ளும். பெயருக்குப் பின்னால் வரும் தொகை ஆளுக்கோர் இடத்தில் நிற்கும் சம்பளப் பட்டியலை யாரும் ஏற்கமாட்டார்கள். எனவே திஸ்கியை அப்படியே வைத்து, திஸ்கி எழுத்துருவைக் கொண்டு, பைட்டுக்கு ஒரு கட்டமாக வரைவதே சரி என்று முடிவு செய்தோம். அந்த முடிவு இன்றும் சரியென்றே படுகிறது.

அடுத்த முடிவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சர்வர் அனுப்பும் கட்டுப்பாட்டுக் குறிகளைப் பிரித்தறியும் பகுதி, அதாவது பார்சர், பழைய மென்பொருளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிய ‘ஸ்விட்ச்’ கூற்றுகளின் காடாக இருந்தது. அதைத் தொட மூவரில் எவருக்கும் மனமில்லை. டெர்மினல்கள் தரமாகக் கொள்ளும் விடி220 என்னும் பழைய முனையத்தின் நடைமுறையைப் பிசகாமல் பின்பற்றும் கட்டற்ற நூலகம் ஒன்று கிடைத்ததும், காட்டை வெட்டிவிட்டு அதை நட்டோம். பழையதைவிடத் தரத்துக்கு நெருக்கமானது, பலர் சோதித்தது, பராமரிப்பும் குறைவு என்பவை நாங்கள் அன்று எழுதிவைத்த காரணங்கள். மூன்றும் உண்மையே.

மே, ஜூன்: மாற்றும் பணி

முதலில் தட்டியவை எல்லோரும் எதிர்பார்க்கும் இடங்கள்தாம். விண்டோஸில் வலையிலிருந்து தரவு வந்தால் அது ஜன்னலுக்கே செய்தியாக வந்து சேரும். லினக்ஸில் அந்த இணைப்புக்கு இயங்குதளம் தரும் கோப்பு எண்ணை நாமே கவனித்திருந்து படிக்கவேண்டும். அதை, ஜன்னல்களை வரையும் ஜிடிகே நூலகத்தின் நிகழ்வுச் சுழற்சியோடு இணைத்தபோது, வந்ததையெல்லாம் தீரும்வரை படித்துக்கொண்டே இருந்ததால் நீண்ட பட்டியல்களில் திரை உறைந்தது. ஒரு சுற்றுக்கு 4096 பைட் என வரம்பு வைத்ததும் சரியாயிற்று. தமிழ்99 விசை அட்டவணை பழைய நிரலின் நினைவக அமைப்பிலேயே கோப்பாகச் சேமிக்கப்பட்டிருந்தது. விண்டோஸில் 2 பைட்டான அகல எழுத்து லினக்ஸில் 4 பைட். 64 பிட் விண்டோஸிலும் 4 பைட்டாகவே இருக்கும் ‘லாங்’ என்னும் எண் வகை, 64 பிட் லினக்ஸில் 8 பைட். முதல் நாள் எந்த விசையைத் தட்டினாலும் குப்பை வந்ததற்குக் காரணம் இதுதான். அளவைப் பெயரிலேயே கொண்ட வகைகளாக மாற்றியெழுதினோம். ரெஜிஸ்ட்ரியில் இருந்த அமைப்புகள் சாதாரண உரைக் கோப்புக்குப் போயின. அச்சுப் பகுதி இரண்டு வாரத்தை விழுங்கியது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும்.

வரைதலில் ஒரு சிக்கல் எழுந்தது. பின்னால் வரப்போவதை மறைத்தது அதுவே என்பதால் விரித்துச் சொல்கிறேன். சோதனைப் பட்டியலில் ‘இளவரசன்’ என்ற பெயர் ‘ளவரசன்’ என்று வந்தது. திஸ்கியில் இகரம் 173ஆம் எண். யூனிகோடில் 173 என்பது மென் இணைப்புக்கோடு. வரியின் இறுதியில் சொல் உடைந்தாலன்றிக் கண்ணுக்குத் தெரியக்கூடாதது. எழுத்துகளை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகம் அதைத் தன் கடமைப்படி மறைத்துவிட்டது. வடிவமைப்பு நூலகத்தையே விலக்கி, எழுத்துருவிலிருந்து வடிவத்தின் வரிசை எண்ணைக் கேட்டு வாங்கி, கைரோ நூலகத்தின் மூலம் கட்டத்துக்கு ஒன்றாக நேரடியாக வரையும்படி மாற்றினோம். இகரம் திரும்ப வந்தது. எழுத்துச் சிக்கல் தீர்ந்ததென்று பணிக்குறிப்பில் எழுதினேன். எழுதியவன் நானே என்பதைப் பதிவு செய்யவேண்டும்.

சோதனையில் தெரியாமல் போனது

ஜூன் கடைசி வாரம் 40 பெயர்களைக் கொண்ட சோதனைப் பட்டியலை முழுமையாக ஓட்டினோம். பட்டியலைத் தயாரித்தவர் எங்கள் இளம் நிரலாளர். தமிழார்வம் மிக்கவர், தம் பிள்ளைக்கும் தேடித் தேடித் தனித்தமிழ்ப் பெயர் வைத்தவர். பட்டியலில் கயல்விழி இருந்தார், செங்குட்டுவன் இருந்தார், எழிலரசி இருந்தார், இளவரசனும் இருந்தார். கிரந்த எழுத்து உள்ள பெயர் ஒன்றுகூட இல்லை. ஊர்ப் பத்தியில்கூட மேல்விஷாரம் ‘மேல்விசாரம்’ என்றே இருந்தது. அப்படியும் எழுதுவார்கள் என்பதால் படித்துப் பார்த்த எவர் கண்ணிலும் அது உறுத்தவில்லை. உண்மைச் சம்பளப் பதிவேட்டை நாங்கள் கேட்கவில்லை. தொழிலாளரின் விவரங்களை வெளியே தர நிர்வாகம் தயங்கும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

ஜூலை 2 முதல் ஜூலை 4 வரை

ஜூலை 2 அன்று சம்பளப் பிரிவின் நான்கு கணினிகளில் புதிய மென்பொருள் நிறுவப்பட்டது. முதல் நாள் வந்த குறை ஒன்றுதான்: பட்டியலை உருட்டும்போது மவுஸ் சக்கரம் சற்று அழுந்தினாலும், முன்பு தேர்ந்தெடுத்த உரை தொகைக் கட்டத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. நடுப்பொத்தானால் ஒட்டுவது எக்ஸ் ஜன்னல் முறைமையின் பழைய வழக்கம். விண்டோஸிலிருந்து வந்தவர்களுக்கு அது பேய் வேலை. அன்றே அதை அணைத்தோம்.

ஜூலை 4, வெள்ளிக்கிழமை காலை, பிரிவில் மூத்த எழுத்தர் தொலைபேசியில் அழைத்தார். எல்லோரும் அவரை ‘பாய்’ என்றே அழைப்பார்கள். பீஸ் ரேட் தொகையை ஏற்றிக்கொண்டிருந்தவர், ஒரு பெயருக்கு நேரே தாம் ஏற்றாத தொகை நிற்பதைக் கண்டிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது திரையில் ‘பாஷா’ என்ற பெயர் ‘பா’ என்ற அளவில் நின்றது. எஞ்சிய காலும் அவருடைய தொகையும் ஒரு வரி கீழே இறங்கியிருந்தன. கீழ்வரிக்கு உரியவரின் பெயரைச் சர்வர் அடுத்து வரைந்தபோது அந்தக் கால் மறைந்துவிட்டது. ஆனால் அவருக்குத் தொகை இன்னும் ஏற்றப்படாததால், வெற்றிடத்தை வெற்றிடமாகவே மறுபடி வரையத் தேவையில்லை என்று கர்சஸ் அதை விட்டுவிட்டது. பாஷாவின் தொகை அடுத்தவர் பெயருக்கு நேரே தங்கியது. சர்வரில் உள்ள கணக்கு சரியாகவே இருந்தது. பொய் சொன்னது திரை. ஆயினும் திரையை நம்பித்தான் எழுத்தர் அடுத்த தொகையை ஏற்றுகிறார்.

“ரெண்டு நாளா யாரும் சொல்லலையே பாய்?” என்று நிரலாளர் கேட்டார். “ரெண்டு நாளா வருகைப் பதிவுதான் பார்த்தோம் தம்பி, அதுல வெறும் டோக்கன் நம்பர்தான். பேரு இன்னைக்குத்தான் வருது. ஷ இல்லாத வீடு எங்க ஊர்ல எத்தனைன்னு நெனச்சீங்க?” என்றார் அவர்.

ஆயிரத்துக்குக் குறைவான பேர் வேலை செய்யும் இடத்தில் 7ஆம் தேதி முடிவதற்குள் சம்பளம் தரவேண்டும் என்பது அப்போது நடப்பில் இருந்த 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின் விதி. திங்கட்கிழமை 7ஆம் தேதி. இடையில் இருந்தது ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிறும்.

முதல் திருத்தமும் அதன் தோல்வியும்

சர்வரிலிருந்து வரும் பைட்டுகளைப் பதிவு செய்து பார்த்ததில் ஒரு மணி நேரத்துக்குள் பாதி விடை கிடைத்தது. திஸ்கியில் ஷகரம் 132, ஸகரம் 133. விடி220 முனையத்துக்கு 128 முதல் 159 வரையிலான எண்கள் எழுத்துகள் அல்ல, கட்டளைகள்: 132 என்றால் அதே பத்தியில் ஒரு வரி கீழே இறங்கு, 133 என்றால் அடுத்த வரியின் தொடக்கத்துக்குப் போ. எங்கள் புதிய பார்சர் தரத்தைப் பிசகாமல் பின்பற்றியது; ஷகரம் வந்தபோதெல்லாம் சொன்னபடி கீழே இறங்கியது. ஜகரம், ஹகரம், ‘ஸ்ரீ’ ஆகியவையும் இதே எல்லைக்குள் இருப்பவை. அவற்றுக்குரிய கட்டளைகள் திரையில் எதையும் நகர்த்தாதவை என்பதால் அந்த எழுத்துகள் சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தன. ‘ஸ்ரீதர்’ என்பவர் ‘தர்’ ஆகியிருந்தார். ஜகர மெய்யான 136, வந்த இடத்தில் எல்லாம் ஒரு தத்தல் நிறுத்தத்தை (டேப் விசை போய் நிற்கும் இடத்தை) பதித்துவிட்டுப் போயிருந்தது.

8 பிட் கட்டளைகளை மதிக்காதே என்று பார்சருக்குச் சொல்லி, மதியமே புதிய பதிப்பை நிறுவினோம். வரிகள் விழுவது நின்றது. ஆனால் ஷகரம் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றுப் பெட்டி வந்தது. ஸ, ஜ, ஹ எல்லாவற்றுக்கும் அப்படியே. எழுத்துரு பழுதாக இருக்கலாம் என்று வேறு இரண்டு திஸ்கி எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தோம். மூன்றிலும் பெட்டியே.

மாலை 6 மணிக்கு இரண்டு வழிகள் முன்னால் இருந்தன. தொகை சரியான வரியில் நிற்கிறது, பெயரில் பெட்டி இருந்தால் என்ன, டோக்கன் எண்ணைப் பார்த்து ஏற்றட்டும் என்பது ஒன்று. பழைய விண்டோஸ் கணினிகளுக்குத் திரும்புவது மற்றொன்று. நிரலாளர் முதல் வழியைச் சொன்னார்; தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதில் பிழையில்லை. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் இன்னும் புரியாத நிலையில், இதற்கு மேல் தவறு எதுவும் இல்லை என்று சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. பட்டியலில் தன் பெயர் பாதியாகக் கிடப்பதைக் காணும் தொழிலாளிக்கு அது பெட்டி அல்ல என்பதும் ஒரு காரணம். டிஸ்க் அழிக்கப்படாமல் கிடங்கில் இருந்த இரண்டு பழைய கணினிகளை அன்றிரவே இணைத்தோம். அவை அழிக்கப்படாமல் இருந்தது தற்செயல். அந்த வேலை அடுத்த வாரத்துக்கென்று திட்டமிட்டிருந்தோம். சனியும் ஞாயிறும் நான்கு எழுத்தர்கள் இரண்டு கணினியில் முறை வைத்து வேலை செய்தார்கள். 7ஆம் தேதி பட்டுவாடா நடந்தது.

உண்மைக் காரணம்

8ஆம் தேதி நிரலாளர் எழுத்துருவை ஃபான்ட்ஃபோர்ஜ் மென்பொருளில் திறந்து, ஷகரத்தின் வடிவம் எங்கே இருக்கிறது என்று தேடினார். அது 132இல் இல்லை, 8222இல் இருந்தது. யூனிகோடில் 8222 என்பது கீழே எழுதும் இரட்டை மேற்கோள் குறி. ஸகரம் 8230இல், முப்புள்ளியின் இடத்தில் இருந்தது. விண்டோஸ் 1252 என்னும் குறிப்பக்கத்தில் (எந்தப் பைட் எந்த எழுத்து என்னும் அட்டவணையில்) 132க்கு உரியது அந்த மேற்கோள், 133க்கு உரியது அந்த முப்புள்ளி.

பழைய நிரலில் 1252 என்ற எண் ஓரிடத்திலும் இல்லை. அது பைட்டுகளை விண்டோஸின் எழுத்து வரையும் செயல்கூற்றுக்கு அப்படியே கொடுத்தது. அவற்றை 1252 வழியாக யூனிகோடுக்கு மாற்றி எழுத்துருவில் தேடும் வேலையை விண்டோஸ் கேட்காமலே செய்துவந்தது. எழுத்துருவைச் செய்தவர்களும் அதை அறிந்தே வடிவங்களை அந்த இடங்களில் வைத்திருந்தார்கள். நாங்கள் லினக்ஸில் அந்த இடத்தில், பைட் எண்ணையே யூனிகோடு எண்ணாகக் கொள்ளும் லத்தீன்-1 குறிமுறையை வைத்தோம், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று. அந்த இரண்டும் வேறுபடும் இடம் ஒன்றே ஒன்று: 128 முதல் 159 வரை. திஸ்கியின் கிரந்த எழுத்துகள் குடியிருப்பதும் அங்கேதான். பழைய பார்சரோ 32க்குக் குறைந்த எண்களை மட்டுமே கட்டளையாகக் கொண்டது. 8 பிட் கட்டளைகள் என ஒன்று உண்டென்பதே அதற்குத் தெரியாது. அந்த அறியாமையும் விண்டோஸின் சொல்லாத உதவியும் சேர்ந்துதான் 24 ஆண்டுகளாகப் பாஷாவின் பெயரைக் காட்டிவந்தன. இரண்டையும் ஒரே மாதத்தில் நாங்கள் நீக்கியிருந்தோம்.

இகரச் சிக்கலில் இது வெளிப்படாததற்கும் காரணம் இதுவே. 173 என்னும் எண் 1252இலும் லத்தீன்-1இலும் ஒன்றுதான். வரையும் முறையை மாற்றியதும் அது சரியாகிவிட்டது. குறிமுறை மாற்றத்தை ஐயப்பட இடமே தரவில்லை.

இறுதித் திருத்தமும் விளைவும்

வரும் பைட்டுகளைப் பார்சரிடம் சேரும் முன்பே 1252 அட்டவணைப்படி யூனிகோடாக்கி, பார்சரை யூனிகோடு நிலையில் இயக்கினோம். 132 வாசலிலேயே 8222 ஆகிவிடுவதால் கட்டளையாக எடுத்துக்கொள்ளப்பட வழியில்லை. எழுத்துருவும் அதே எண்ணில் ஷகரத்தைத் தருகிறது. 1252இல் காலியாக உள்ள ஐந்து இடங்கள் மட்டும் (129, 141, 143, 144, 157) கட்டளையாகவே நழுவக்கூடியவை. திஸ்கியில் அவ்விடங்களில் இருப்பவை தமிழ் எண்கள். பதிவேட்டில் அவற்றை யாரும் பயன்படுத்தவில்லை. இருந்தாலும் அவற்றை, யூனிகோடில் அவரவர் சொந்தப் பயனுக்கென விடப்பட்ட தனிப்பயன் பகுதிக்குத் திருப்பிவிட்டோம்.

இம்முறை பதிவேட்டை முறையாகக் கேட்டோம். எழுத்துமூலம் ஓர் ஒப்புதல் வாங்கிக்கொண்டு நிர்வாகம் அன்றே அனுமதித்தது. சோதனைச் சகோதரி பதிவேடு முழுவதிலும் எந்தெந்த பைட் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, வந்த ஒவ்வொரு பைட்டும் ஒருமுறையேனும் இடம்பெறும்படி பெயர்களைப் பொறுக்கிப் புதிய சோதனைத் திரையை அமைத்தார். ஒரே பைட் பதிவைப் பழைய மென்பொருளிலும் புதியதிலும் ஓட்டி, இரண்டு திரைகளின் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிட்டார். ஆகஸ்ட் பட்டுவாடா இரண்டு முறைமையிலும் இணையாக நடந்தது. செப்டம்பர் இறுதிக்குள் 14 கணினிகளும் மாறின.

மாற்றிக்கொண்டவை

பழைய மென்பொருள் என்ன செய்கிறது என்று பட்டியலிட்ட நாங்கள், அது எதைச் செய்யாமல் விடுகிறது என்று பட்டியலிடவில்லை. இப்போது எடுத்திருக்கும் அடுத்த மாற்றுப் பணியில், பழைய நிரலை 0 முதல் 255 வரை எல்லா பைட்டுகளையும் விழுங்கவைத்துத் திரையைப் படமெடுத்துக்கொண்ட பிறகே ஒரு வரியாவது எழுதத் தொடங்கினோம். அரை மணி நேர வேலை.

பார்சரை மாற்றுவதும் இயங்குதளத்தை மாற்றுவதும் இனி ஒரே பதிப்பில் வருவதில்லை. காட்டை முதலில் அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அது அங்கே வேர்விட்ட பிறகு வெட்டியிருக்கலாம்.

புட்டி என்னும் டெர்மினல் மென்பொருளுக்கு யூனிக்ஸ் பதிப்பு உண்டு. தொலைக் கணினியின் குறிமுறையை அதில் நாமே தேர்ந்தெடுக்கலாம், அந்தப் பட்டியலில் 1252ம் இருக்கிறது. எங்கள் திரைக்குப் பக்கத்தில் அதைத் திறந்து குறிமுறையை மாற்றி மாற்றிப் பார்த்திருந்தால் வெள்ளிக்கிழமை மாலையே காரணம் கையில் கிடைத்திருக்கும். தமிழ்த் தட்டச்சுக்கும் அச்சுக்கும் உதவாது என்று ஏப்ரலில் அதை ஒதுக்கிய நாங்கள், ஒப்பிடும் கருவியாகவும் அது பயன்படும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

சோதனைப் பெயர்களை எங்கள் அலுவலகத்தில் எவரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. மூத்த எழுத்தர் சோதனையின் முதல் நாளிலிருந்தே உடன் இருக்கிறார். அதற்கான நேரத்தை நிர்வாகத்திடம் கேட்டுப் பெற்றிருக்கிறோம்.

சர்வரில் உள்ள பெயர்களை யூனிகோடுக்கு மாற்றுவது நிலுவையில் உள்ளது. திஸ்கியை யூனிகோடாக்கும் ஐகான்வ் கருவி லினக்ஸிலேயே இருக்கிறது. எழுத்துகளை மாற்றுவது ஒரு மாலை வேலை. ஆனால் யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் 3 பைட் தேவை. 20 பைட் பெயர்ப் புலத்தில் 6 குறியெண்ணுக்கு மேல் கொள்ளாது; ‘செங்குட்டுவன்’ பாதியில் நிற்பார். புலத்தை அகலமாக்கினால் 2001 முதலான பதிவுகளின் அமைப்பையும், திரையில் அதன் வலப்பக்கம் உள்ள 11 பத்திகளையும் நகர்த்தவேண்டும். அதற்கான மதிப்பீட்டை நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறோம்.